டார்ச் லைட்டும் இரண்டு ஃப்ளாஷும்

இந்த முறை கட்டுரைக்கு அகப்பட்டது டார்ச் லைட். சிரிக்காதீங்க! 2012 மின்வெட்டில் சென்னைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் நம்ம மதுரைப் பக்கம் 12 மணி நேரத்துக்கும் மேல். சிம்மக்கல் சந்துகளில் மாடிப்படி ஏறியவர்களைக் கேளுங்கள், டார்ச்சின் அருமை தெரியும்.

முதலில் பெயர். அமெரிக்கர்கள் இதை ஃப்ளாஷ் லைட் என்பார்கள். 1899-ல் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவ விளக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அன்றைய பேட்டரிக் கட்டைக்குத் தொடர்ந்து எரியவைக்கும் தெம்பு கிடையாது. பளிச்சென்று கொஞ்ச நேரம், அப்புறம் ஓய்வு. அதனால்தான் ஃப்ளாஷ். பிரிட்டிஷ்காரர்கள் டார்ச், அதாவது தீவட்டி என்றார்கள். நமக்கு வந்தது அந்தப் பெயர்தான், லைட் என்பதை நாம் ஒட்டிக்கொண்டோம் :-)

மிசெலின் விளக்கை விற்ற கம்பெனிதான் எவரெடி. 1905-லேயே அதன் கட்டைகள் இந்தியாவுக்கு இறக்குமதியாகின. 1952-ல் சென்னையில் பேட்டரி ஆலை வந்தது, 1958-ல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலை. இவற்றை நடத்தியது யூனியன் கார்பைடு. ஆமாம், 1984 போபால் விஷவாயு யூனியன் கார்பைடுதான்.

அந்தப் பழைய டார்ச்சில் ஒளிவுமறைவே இல்லை. தகரக் குழாய், இரண்டோ மூன்றோ கட்டை, பல்ப், ஒரு தகடு. பல்ப் போனால் மாற்றலாம். தகடு துருப்பிடித்தால் உப்புத்தாள். கட்டை ஓய்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம். பள்ளிக்கூடப் பையனே மெக்கானிக்!

1993-ல் ஜப்பானில் நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி செய்தார் (2014-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்). அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி, அதிலிருந்து புது டார்ச். இதில் மின்னோட்டத்தை அளந்து கொடுக்க ஒரு சர்க்யூட் வேண்டும். பல டார்ச்களில் அந்த சர்க்யூட்டில் ஒரு சிப்பும் உட்கார்ந்துகொண்டது. முதல் அழுத்தில் அதிக வெளிச்சம், அடுத்ததில் குறைவு, அதற்கடுத்து கண்ணைப் பறிக்கும் சிமிட்டல். நமக்கு வேண்டாம் என்றாலும் சிமிட்டலைத் தாண்டித்தான் அணைக்க முடியும். இதற்கு உப்புத்தாள் உதவாது. முடிவெடுப்பது எங்கோ எழுதிய புரோகிராம்.

இங்கேதான் இரண்டாவது ஃப்ளாஷ். 1984-ல் தோஷிபாவின் மசுவோகா, அழித்து எழுதக்கூடிய ஃப்ளாஷ் நினைவகத்தை அறிவித்தார். நொடியில் அழிவது காமிரா ஃப்ளாஷ் போல இருந்ததால் அந்தப் பெயர். பல டார்ச்சுகளில் புழங்கும் ஏ.வி.ஆர் சிப்பின் மூலத்தை வடிவமைத்தவர்கள் நார்வேயில் இரண்டு கல்லூரி மாணவர்கள், போகனும் வோலனும். அந்த வகையில் அட்டைனி13 என்ற குட்டிச் சிப்பின் ஃப்ளாஷ் கொள்ளளவு 1024 பைட். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். கணக்குப் போட்டால் 341 குறியீடுகள். இந்தப் பத்தியே அதற்குள் அடங்காது!

அதற்குள்ளும் ஆர்வலர்கள் சொந்த புரோகிராம் எழுதிப் போட்டார்கள். பிறகு 8 கிலோபைட் அட்டைனி85 வந்தபோது, டாய்கீப்பர் என்ற பெயரில் எழுதும் ஒருவர் 2017-18 வாக்கில் ஆண்டுரில் என்ற ஃபர்ம்வேரைக் கொடுத்தார். அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் படிப்படியாக ஏறும், விட்டால் அங்கேயே நிற்கும். ஜி.பி.எல் உரிமம் என்பதால் யாரும் படிக்கலாம், திருத்தலாம். எமிசார், சோஃபிர்ன் போன்ற சீன நிறுவனங்களே அதைப் போட்டு விற்கின்றன.

தொடங்க என்ன வேண்டும்? யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி என்ற சின்ன புரோகிராமர் (கல்லூரி லேபில் ஆர்டுயினோ இருந்தால் அதுவே போதும்), 8 கால் சிப்பைக் கவ்வும் கிளிப், ஏ.வி.ஆர்.டியூட் என்ற இலவச மென்பொருள். முதலில் டார்ச்சின் பேட்டரியைக் கழற்றுங்கள். பழைய புரோகிராமைப் படித்துச் சேமிக்கப் பாருங்கள். பூட்டியிருந்தால் வராது, அப்போது அழித்தால் அது போனது போனதுதான். ஃபியூஸ் பிட்களைத் தெரியாமல் தொடாதீர்கள், சிப் அப்புறம் பேசாமலே போகலாம். புதிய வகை அட்டைனிகளுக்கு யு.பி.டி.ஐ என்று வேறு முறை, வாங்குமுன் சிப் எண்ணைப் பாருங்கள்.

தகரக் குழாய் டார்ச்சைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சிப் வந்தபோது அந்த உரிமை நம் கையைவிட்டுப் போனது. மூலநிரல் திறந்திருந்தால் அது திரும்பக் கிடைக்கும். கையில் இருக்கும் பொருள் நம்முடையதா என்று தெரிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கட்டுரையில் பார்ப்போம். கரண்ட் இருந்தால்!