மோட்டார் வண்டியும் மெருகும்

மெருகு 'ஏற்றுதல்' என்று தமிழில் சொல்லுகிறோம். இல்லாத ஒன்றைக் கொணர்ந்து பொருளின்மீது சேர்ப்பதாக இச்சொல் ஒரு தோற்றம் தருகிறது. ஆயின் நகைக்கு மெருகிட்ட பொற்கொல்லர் தம் பட்டறைத் துணியையும் குப்பையையும் வீசி எறிவதில்லை. அவற்றில் பொன் இருக்கிறது. பளபளப்பின் பொருட்டு நகை சிறிது தேய்ந்துவிட்டது என்பதை அவர் அறிவார். மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல் தான் குறிக்கும் செயலுக்கு நேர்மாறாக நிற்பதைக் காண்பதில் தனி மகிழ்ச்சி உண்டு.

மோட்டார் வண்டியின் வர்ணத்திற்கும் பொற்கொல்லர் கணக்கே பொருந்தும். யந்திரத்தைக் கொண்டு வர்ணத்தின் கீறலைப் போக்க விரும்புவோர், எந்த மெருகு நல்லது என்று கடைக்காரரைக் கேட்கின்றனர். அதற்குரிய விடை கடையில் இல்லை, வண்டியின்மேல் உள்ள பூச்சில் இருக்கிறது. பூச்சு மாறியபோதெல்லாம் மெருகும் மாறி வந்திருக்கிறது.

மெருகு என்னும் கலை மிகப் பழையது. தில்லியில் வாழும் நேயர்கள் பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூணைப் பார்த்திருக்கக் கூடும். இருபத்திரண்டு நூற்றாண்டு வெயிலும் மழையும் கண்ட பின்னரும் அக்கல்லின் வழவழப்பு முற்றும் மறையவில்லை. ஆனால் மெருகிடும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்ற கேள்வியை விஞ்ஞானிகள் எழுப்பியது பிற்காலத்தில்தான். தொலைநோக்கிக்கு வேண்டிய ஆடியைத் தம் கையாலேயே, தாரின்மீது வெள்ளீயச் சுண்ணப்பொடி தூவித் தேய்த்து மெருகிட்டவர் நியூட்டன். மெருகு கீறல்களை ஒழிப்பதில்லை, கண்ணுக்குப் புலனாகாத அளவுக்குச் சிறிதாக்குகிறது என்று 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் அவர் விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீல்பி என்னும் பிரிட்டிஷ் ரசாயன அறிஞர் வேறு கருத்துச் சொன்னார். தேய்க்கும்போது மேற்பரப்பு பாகுபோல் ஓடிப் பள்ளங்களை மூடுகிறது என்பது அவர் கொள்கை. 1937இல் கேம்பிரிட்ஜில் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் இதைச் சோதித்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று நம் பூஜை அறைக் கற்பூரம். ஏறத்தாழ 178 பாகை சென்டிகிரேடில் உருகும் கற்பூரம், 70 பாகையில் உருகும் மென்மையான உலோகக் கலவைக்கு மெருகிட்டது. 232 பாகையில் உருகும் வெள்ளீயத்திடம் தோற்றது. எனவே வெப்பத்தால் உருகி ஓடுவதே மெருகு என்று அவர்கள் முடிவு கட்டினர். இம்முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலிய உலோகவியல் அறிஞர் சாமுவெல்ஸும் பிறரும் 1950கள் முதல் நடத்திய ஆராய்ச்சிகள், மெருகுத் துகள் பெரும்பாலும் நுண்ணிய உளிபோல் சீவியே செல்கிறது என்று காட்டின. நியூட்டன் சொன்னது ஏறக்குறைய சரியாயிற்று.

இனி வண்டிக்கு வருவோம். மோட்டார் வண்டி தோன்றிய நாளில் அதற்குக் கிடைத்தது குதிரை வண்டியின் பூச்சே. எண்ணெய் வர்ணமும் வார்னிஷும் பல தடவை பூசப்பட்டன. ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து, நுரைக்கல் பொடியால் தேய்த்துச் சமன் செய்து, அதன் பின்னரே அடுத்த பூச்சு. உயர்ந்த வண்டி ஒன்றின் வர்ண வேலை முடியப் பல வாரங்கள் ஆயின. ஃபோர்டு தம் 'டி' மாடலுக்கு 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றையே அளித்தது விரைவையும் சிக்கனத்தையும் கருதியே.

இந்த முடையை நீக்கியது வெடிமருந்தின் உறவினர் எனத் தக்க ஒரு பொருள். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திப் பெறும் நைட்ரோசெல்லுலோஸ், முதல் உலகப் போரில் பீரங்கிகளுக்கு ஏராளமாக உற்பத்தி செய்யப்பட்டது. போர் முடிந்தபின் அதற்கு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. 1920இல் அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனியார், பார்லின் நகரத் தொழிற்சாலையில், கெட்டியாகவும் அதே சமயம் தண்ணீர்போல் எளிதில் தெளிக்கும்படியும் அமைந்த ஒரு நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைப் பெற்றனர். இதிலிருந்து பிறந்ததே டியூக்கோ லாக்கர். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு வண்டிகள் இப்பூச்சுடன் நீல நிறத்தில் வெளிவந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. வண்டிகள் பல நிறம் கண்டன. நம் நாட்டுத் தச்சர்கள் மரச்சாமானுக்கு அடிக்கும் பூச்சு ஒன்றை இன்றும் 'டூகோ' என்று அழைப்பது இந்தப் பழைய பெயரின் எச்சமே.

லாக்கருக்கு ஒரு குறை இருந்தது. தெளித்துக் காய்ந்ததும் அது மங்கலாகவே தோன்றும், தேய்த்தால்தான் ஒளிரும். ஆகவே 'ரப்பிங் காம்பவுண்டு' என்னும் தேய்ப்புப் பசை தொழிற்சாலைக்குள் புகுந்தது. வெயிலில் வாடிய பூச்சைப் புதுப்பிக்க வண்டிக்காரருக்கும் மெருகு புட்டிகள் விற்கப்பட்டன. லாக்கர் மென்மையானது, துணியும் கையும் மிருதுவான துகளும் அதற்குப் போதும். தேய்ந்தால் மீண்டும் பூசலாம். வண்டிக்கு அடிக்கடி மெருகிட வேண்டும் என்ற வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. பூச்சு மாறிவிட்டது, வழக்கம் போகவில்லை.

1930களில் அல்கைட் எனாமலும், 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லாக்கரும் வந்தன. இவற்றைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாஸடரையும், 2023இல் மும்பாய்த் தெருக்களிலிருந்து விடைபெற்ற பத்மினி டாக்ஸியையும் அறிந்த நேயர்களுக்கு அந்தக் காலத்துப் பூச்சு நன்கு பழக்கம். நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் கலந்திருந்தன. அதைத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும்.

பெரிய மாறுதல் அதன் பின்னர் நிகழ்ந்தது. நிறத்துக்கு ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு என்று இரண்டாகப் பிரித்தனர். 1980களில் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. தெளிபூச்சு லாக்கரைவிடக் கடினமானது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அதன் கனம் பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான்தான். நம் தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. கடினமான பூச்சு வந்ததால் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற வலிய துகள்கள் மெருகுக்குத் தேவைப்பட்டன. கை அலுத்துப்போக யந்திரம் முன்வந்தது. வெட்டும் வலிமை பெருகிய அதே காலத்தில் வெட்டுவதற்கு இருந்த கனம் சுருங்கியது. ஒருமுறை கடுமையாகத் தேய்த்தால் சில மைக்ரான்கள் போகும், போனது திரும்பாது. தெளிபூச்சு மிகவும் மெலிந்த இடத்தில், சில வருஷ வெயிலுக்குப் பின், அது வெளுத்துத் தோல்போல் உரியும். அப்பால் எந்த மெருகும் உதவாது. மறுபடி வர்ணம் அடிக்க வேண்டியதே.

இந்நிலையில் கடைத்தெருவின் மொழி நம்மை மேலும் குழப்புகிறது. 'பாலிஷ்' என்னும் ஒரே பெயரில் மூன்று பொருள்கள் விற்கின்றன. காம்பவுண்டு ஆழ்ந்த கீறலைச் சீவும். உண்மையான மெருகு, காம்பவுண்டு விட்டுச்சென்ற மங்கலைத் தீர்க்கும். மெழுகு ஒன்றையும் வெட்டாது. மேலே படிந்து காக்கும். எண்ணெயும் மெழுகும் மிகுதியாகக் கலந்த சில மெருகுகள் கீறலை நிரப்பி மறைக்கின்றன. நாலைந்து தடவை கழுவியபின் கீறல் பழையபடி தலைகாட்டும். ஐஸோபுரோபைல் ஆல்கஹாலை நீரில் கலந்து துடைத்துவிட்டு வெயிலில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பணம் கொடுக்குமுன் இச்சோதனையைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துகளிலும் இரு வகை உண்டு. தேய்க்கத் தேய்க்க நொறுங்கிப் பொடியாகும் துகள் முதலில் கடுமையாக வெட்டிப் பின்னர் தானே மென்மையாகும். அது முற்றும் நொறுங்கும்வரை பொறுமையுடன் தேய்க்க வேண்டும். நொறுங்காத நுண்துகள் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக வெட்டும். அதில் யந்திரத்தை எப்போது நிறுத்துவது என்பது இயக்குபவர் பொறுப்பு. யந்திரங்களில் ஓர் அச்சில் மட்டும் சுழல்வது விரைந்து வெட்டும், விரைந்து சூடேற்றும்; பழகாத கையில் வண்டியின் விளிம்புகளைத் தின்றுவிடும். சுழற்சியோடு நடுங்கியும் ஓடும் இரட்டை இயக்க யந்திரம் புதியவர்க்கு ஏற்றது. கம்பளித் திண்டு கடுமை, நுரைத் திண்டு மென்மை. ஒரே மெருகு இவ்விரண்டிலும் வேறுவேறாக நடந்துகொள்ளும்.

எனவே சோதித்துத் தேர்வதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் சிறிது மெருகிட்டு, துணியில் நிறம் ஒட்டுகிறதா என்று காண்க. ஒட்டாவிடில் அது தெளிபூச்சு. பூச்சின் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் பல இடங்களில் அளப்பது நன்று. ஆயின் சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. பிறகு சாண் அகல நீளமுள்ள ஓர் இடத்தில் மென்மையான திண்டையும் மென்மையான மெருகையும் கொண்டு தொடங்குக. போதவில்லையெனில் முதலில் திண்டை மாற்றுக, பிறகு மெருகை. காம்பவுண்டு டப்பாவை முதலிலேயே திறப்பது சாதாரணத் தலைவலிக்குச் சத்திர சிகிச்சை செய்வதை ஒக்கும். விரல் நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழ்ந்த கீறலை முழுவதும் நீக்க முயலாமல், அதன் ஓரங்களை மழுக்கி மங்கச் செய்வதோடு விட்டுவிடலாம்.

அம்பாஸடரையோ பழைய பத்மினியையோ இன்றும் அன்புடன் வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. ஒற்றை அடுக்குப் பூச்சு தேயத் தேயத் துணி நிறமேறும். அதனால் திண்டை அடிக்கடி கழுவ வேண்டும். தெளிபூச்சுக்கென்று செய்த வலிய காம்பவுண்டு அதற்கு வேண்டாம். மெல்லிய மெருகைக் கையாலேயே இட்டு, மேலே மெழுகு பூசி நிழலில் நிறுத்தினால் போதும்.