மாதுளை மொட்டும் கருங்காலி நாற்காலியும்

மாடிப்படிக் கைப்பிடிக்கு அடியில் வரிசையாக நிற்குமே குட்டித் தூண்கள், கழுத்து ஒடுங்கி, வயிறு பெருத்து, கூஜா மாதிரி? ஆங்கிலத்தில் அதற்கு பலஸ்டர் என்று பெயர். நாம் மொத்த வரிசையையும் சேர்த்து கிராதி என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கிராதியும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்தான், அது வேறு கதை.

பலஸ்டர் என்ற சொல்லுக்கு வேர் கிரேக்கம். காட்டு மாதுளைப் பூவின் பெயரிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்தது. பாதி விரிந்த மாதுளம்பூவைத் தண்டோடு கையில் பிடித்துப் பாருங்கள், அடியில் உருண்டு, மேலே ஒடுங்கி, வாய் விரியும். பேர் வச்சவன் ரசிகன்.

சொல் கிரேக்கம் என்றதும் பொருளும் கிரேக்கத்தில் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். அதுதான் இல்லை. கிரேக்க, ரோமானியக் கட்டடங்களில் கைப்பிடியைத் தாங்கும் பலஸ்டர் வரிசை கிடையாது. அசீரியாவின் நிம்ருத்தில் கிடைத்த தந்தச் செதுக்கல்களில், ஜன்னலில் முகம் காட்டும் பெண்ணுக்குக் கீழே குட்டித் தூண்கள் நிற்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் நாம் இன்று பார்க்கும் பலஸ்டர் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சரக்கு. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ருடால்ஃப் விட்கோவர் இதை விரிவாக ஆராய்ந்தார். போஜோ ஆ கயானோவில் மெடிச்சி குடும்பத்துக்காக ஜூலியானோ த சங்கல்லோ கட்டிய மாளிகையில்தான் இது சீராகக் கையாளப்பட்டது என்பது அவர் முடிவு. சங்கல்லோவிடமிருந்து பிரமாந்தேவுக்கும் மைக்கலாஞ்சலோவுக்கும் போய், அங்கிருந்து உலகத்துக்கே பரவிவிட்டது.

இதில் ஒரு குறும்பும் உண்டு. இடிந்துபோன பழைய கட்டடங்கள் முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று சங்கல்லோ படம் வரைந்தார். அந்தப் படங்களிலும் பலஸ்டரை நட்டுவிட்டார். தன் காலத்துச் சரக்குக்கு ரோமானியப் பூர்வீகம் கொடுத்த மாதிரி ஆயிற்று.

இனி கல்லை விட்டு மரத்துக்கு வருவோம். அங்கே இதே கதை தலைகீழாக நடந்தது, அதுவும் நம்ம கடற்கரைச் சரக்கை வைத்து.

மரத்தில் இந்த உருவத்தைக் கொண்டுவருவது கடைசல் வேலை. தமிழில் தயிரும் கடைகிறோம், மரமும் கடைகிறோம். பழைய கடைசல் பட்டறையைப் பார்த்தால் காரணம் புரியும்: மரத்தைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும், கடைசல்காரர் உளியை வைப்பார். மத்தும் அப்படித்தானே சுழல்கிறது.

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பிய வணிகர்களுக்காகக் கருங்காலியில் நாற்காலிகள் செய்தார்கள். (கருங்காலி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் மாலைதான் ஞாபகம் வரும்!) முதுகுப் பக்கம் முழுக்க வரிசையாகக் கடைசல் குச்சிகள், நம் படிக்கட்டுக் கிராதியைச் சின்னதாக்கி வைத்த மாதிரி. கால்களும் சட்டங்களும் கயிறு முறுக்கியது போல இருக்கும். இந்த முறுக்கு முழுக்கக் கடைசலில் வந்துவிடாது. முதலில் உருட்டிக் கடைந்து, சுற்றுக்கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே உளியும் அரமும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். கருங்காலியோ இரும்பு மாதிரி. ஒரு காலுக்கு எத்தனை தடவை உளியைத் தீட்டியிருப்பார்களோ.

இவை கப்பலேறி இங்கிலாந்து போயின. நூறு வருஷத்தில் எங்கிருந்து வந்தன என்பதே அங்கே மறந்துபோச்சு. பழைய மாளிகைகளில் கறுத்துக் கிடந்ததைப் பார்த்த ஹொரேஸ் வால்போல், இவை டியூடர் காலத்தவை, எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சியோடு தொடர்புடையவை என்று நம்பினார். பிரதமரின் மகன், எழுத்தாளர், பழம்பொருள் விஷயத்தில் ஊரே மதித்த ஆள். ஸ்ட்ராபெர்ரி ஹில் என்ற தன் மாளிகையில், ஹென்றியின் அரசவை ஓவியர் ஹோல்பைன் பெயரால் அமைத்த அறையிலேயே இந்தக் கருங்காலிச் சாமான்களைப் போட்டுவைத்தார். அவரைப் பார்த்து மற்ற சீமான்களும் தேடித்தேடி வாங்கினார்கள். வில்லியம் பெக்ஃபோர்ட் அவர்களில் ஒருவர்.

வுல்சி இறந்தது 1530இல். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இந்தக் கரையில் கடை விரித்ததே 1600க்கு அப்புறம்தான். ஆனால் வால்போலை ரொம்பவும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியில் ஆண்டு எழுதியில்லை, செய்தவர் பெயரும் இல்லை. முறுக்குக் காலும் நெருக்கமான கடைசலும் அவர் கண்ணுக்குப் பழசாகப் பட்டன. பழசு என்றால் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்ததுதான் வினை. கால் சட்டங்களுக்கு மேலே படர்ந்திருக்கும் பூங்கொடிச் செதுக்கலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால், அது எந்த ஊர்க் கை என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இப்படிப்பட்ட நாற்காலிகள் இருக்கின்றன. அட்டையில் இப்போது டியூடர் இல்லை, சோழமண்டலக் கரை என்றே போட்டிருக்கிறார்கள்.