மேல்மா விவசாயிகளும் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் தேர்வு வைக்க மாட்டேன்.

செய்யாறு பக்கம் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், குண்டாஸ் ரவுடிகளுக்குத்தானே போடுவாங்க? நிலம் தர மாட்டேன்னு சொன்னவங்களுக்கு எப்படிப் போட்டாங்க?" இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. கதை நூறு வருஷம் பின்னால் போகிறது.

முதலில் நம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா, குறும்பூர், நர்மாபள்ளம் உள்ளிட்ட 11 கிராமங்களில் சுமார் 3,174 ஏக்கர் நிலத்தை எடுக்க அரசு முடிவு செய்தது. நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. 2023 ஜூலை தொடக்கத்தில் மேல்மா கூட்டுச் சாலையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாள் தாண்டியது. நவம்பர் 4 அன்று 20 பேர் கைதானார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அவர்களில் ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் பிள்ளைகளில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். ஆகவே தொழிற்சாலையே கூடாது என்று நான் எழுதவில்லை. எந்த நிலத்தில் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டவனை என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இப்போது வரலாறு. குற்றம் நிரூபணம் ஆகும் முன்பே, 'இவன் இனிமேல் செய்துவிடுவான்' என்று ஒருவரை அடைத்து வைப்பதற்குத் தடுப்புக் காவல் என்று பெயர். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு. 1919-இல் ரௌலட் சட்டம் வந்தபோது நாடே கொதித்தது, ஜாலியன்வாலா பாக் நடந்தது. எட்டாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். சுதந்திரம் வந்த பிறகு அது ஒழிந்துவிட்டதா? இல்லை. அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவிலேயே தடுப்புக் காவலுக்கு இடம் கொடுத்தார்கள். 1950-லேயே தடுப்புக் காவல் சட்டமும் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் சென்னை மாகாணத்துச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. பின்னால் மிசா. அதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும்.

தமிழ்நாட்டின் குண்டர் சட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் வந்தது, அந்த ஆண்டின் 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று ஒரு பட்டியல். பிறகு வந்த அரசுகள் ஒவ்வொன்றாகச் சேர்த்தன. வனக் குற்றவாளி, திருட்டு வீடியோக்காரர், மணல் கொள்ளையர் எல்லாரும் அதில் உண்டு. காட்டையும் ஆற்றையும் காப்பாற்றக்கூட இந்தச் சட்டத்தை நீட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். சட்டப்படி 'குண்டர்' என்றால் தனியாகவோ கும்பலாகவோ வழக்கமாகக் குற்றம் செய்கிறவர். ஒரே மறியலுக்கு நாலு வழக்குப் போட்டால் காகிதத்தில் 'வழக்கமாக' வந்துவிடுகிறது! சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

மேல்மா கைதுகளை எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கண்டித்தன. சில நாட்களில் ஆறு பேர் மீதான உத்தரவை முதலமைச்சர் ரத்து செய்தார். ஏழாமவரான அருள் ஆறுமுகத்துக்கு மட்டும் அப்போது ரத்து இல்லை. அவர் வெளி மாவட்டத்துக்காரர், தூண்டிவிடுகிறவர் என்றார்கள். எனக்கு இது ஏற்கவில்லை. பக்கத்து ஊர் வயலுக்காகப் பேசுவது குற்றமானால், 2018-இல் எட்டு வழிச் சாலைக்கு எதிராக ஐந்து மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்து நின்றிருக்கவே முடியாது. 277 கிலோமீட்டர் திட்டம் அது, அதிலும் நம் மாவட்டத்து வழிதான் மிக நீளம். நிலம் எடுப்பு அறிவிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. (2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியது, அது தனிக் கதை.) அதற்கும் முன்னால் கவுத்தி மலை, வேடியப்பன் மலை இரும்புத்தாதுவுக்காக 325 ஹெக்டேர் காப்புக்காட்டைக் கேட்டார்கள். அடிவாரத்து மக்கள் விடவில்லை. மலை இன்றும் அங்கேயே நிற்கிறது.

சிறைதான் அபாயம் என்றால் வெளியே வந்துவிடலாம். உயிருக்கே ஆபத்து வந்தால்? 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு இறந்தார். அரசு ஊழியர், அரசு அலுவலகம். ஐந்து மாதத்துக்குள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். 2025 ஜனவரி 17 அன்று திருமயம் அருகே, சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி மனு மேல் மனு கொடுத்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். விபத்து என்றே நினைத்திருப்பார்கள். குடும்பத்தார் விடாமல் கேட்டதால் கொலை வழக்கானது, குவாரி நடத்தியவர்கள் கைதானார்கள். இருவருமே ஆபத்து வருவதற்கு முன்பே அதிகாரிகளிடம் எழுத்தில் கொடுத்தவர்கள்.

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. அமலுக்கு மட்டும் கொண்டு வரவில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் சில 2018-இல் எஸ்காசு என்ற ஒப்பந்தம் செய்துகொண்டு, சுற்றுச்சூழலுக்காகப் பேசுவோரைக் காப்பது அரசின் கடமை என்று எழுதிவைத்தன. உலகிலேயே இப்படிப்பட்டவர்கள் அதிகம் கொல்லப்படுவது அந்தப் பகுதியில்தான், அதனால் அவர்களுக்கு அவசரம் புரிந்திருக்கிறது.

நம்மால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். குண்டர் சட்டத்தில் சில கெடுக்கள் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். காவலில் வைத்த காரணங்களை 5 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் போட்ட உத்தரவை 12 நாளுக்குள் அரசு அங்கீகரிக்காவிட்டால் அது செல்லாது. 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். குடும்பத்தார் கொடுக்கும் மனுவைக் காரணமில்லாமல் தாமதித்தாலே உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்த வழக்குகள் ஏராளம். ஆகவே தேதி போட்டு, நகல் எடுத்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்ப வேண்டும். படித்த பிள்ளை ஒருவன் கூட இருந்தால் போதும்.

இன்னொன்று. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளச் சிறையில் இருப்பவருக்கு உரிமை இல்லை. ஆனால் வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவரின் துணையைக் கேட்கலாம் என்று 1981-இல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, கையெழுத்தும் இன்னும் நன்றாகவே இருக்கிறது. தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்.