கணக்குக் காட்டாதார் விலக்கு: உத்தரமேரூர்ச் சாசன விதி ஒன்றின் மறுவாசிப்பு

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதற் பராந்தக சோழனின் இரு சாசனங்களையும் குடத்தை முன்னிறுத்தியே படித்துப் பழகிவிட்டோம். பெயர் எழுதிய ஓலைகள் குடும்பு என்னும் ஊர்ப்பிரிவுவாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படுவதும், ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் அவற்றை எடுப்பதும், மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிப்பதும், வாசித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் திரும்ப வாசிப்பதுமாகிய அந்தக் காட்சி எவர் மனத்தையும் கவரக்கூடியதே. அதனாலேதான், அதனைக் குடியாட்சியின் தொன்மைக்குப் பிரமாணமாகக் கொண்டாடுவோரும், திருவுளச்சீட்டில் மக்களின் விருப்பத்துக்கு இடமேது என்று மறுப்போரும், தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், தம் ஆராய்ச்சியைக் குடத்தின் வாயிலேயே நிறுத்திவிடுகின்றனர். குடத்துக்கு முந்திய கட்டம் ஒன்று உண்டு. ஒருவன் பெயரை ஓலையில் எழுதலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் கட்டம் அது. 921ஆம் ஆண்டுச் சாசனத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது என்பதும், அந்தக் கட்டத்திலும் கல்வி, நிலம், வயது என்னும் தகுதிகளைவிடக் கணக்குக் காட்டாதாரை விலக்கும் விதியே முதன்மையானது என்பதும் என் அபிப்பிராயம்.

இவ்விதியை வேறுவிதமாகப் பொருள்கொள்ளும் ஒரு மரபு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. விலக்கப்படுவோர் வரிசையில் கணக்குக் காட்டாதவனோடு மகாபாதகம் செய்தவனும், உண்ணத்தகாதன உண்டவனும், கழுதை ஏறியவனும் சேர்த்துச் சொல்லப்படுகின்றனர். குற்றமுடையவன் மட்டுமன்றி அவன் உறவினரும் விலக்கப்படுகின்றனர். ஆகவே இந்த விலக்குகள் யாவும் தர்ம சாஸ்திரம் சார்ந்த ஆசாரத் தூய்மையைக் காப்பதற்காகவே ஏற்பட்டவை என்றும், கணக்குக் காட்டாமையும் பாவங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டு அதன் தோஷம் உறவினரையும் பற்றுவதாகக் கருதப்பட்டது என்றும், இதில் இக்காலத்துப் பொறுப்பாட்சியின் சாயலைத் தேடுவது காலமுரண் என்றும் அம்மரபினர் கூறுவர். எச்சரிக்கை நிறைந்த வாதம்தான். பழஞ்சாசனங்களில் நம் காலத்து ஆசைகளை ஏற்றிப் படிப்போருக்கு அது தக்க கடிவாளமும் ஆகும். ஆயினும் சாசனத்தின் வாசக அமைப்பு அதற்கு இடந்தரவில்லை.

முதலில், விதிகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதைக் காண வேண்டும். 921 சாசனம் தகுதிகளைக் கூறி முடித்தவுடன், எந்த வாரியமாயினும் அதனைச் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரையே முதன்முதல் விலக்குகிறது. அதன்பின், அவருக்குச் சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தந்தையோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், மாமனார், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என்று உறவினரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணுகிறது. மகாபாதகம் செய்தாரைப் பற்றிய விதி இதற்கு அடுத்தே வருகிறது. அவ்விதியில் உறவினர் பட்டியல் மீண்டும் எழுதப்படவில்லை, மேற்சொன்ன உறவினர் யாவரும் என்று சுட்டப்படுவதோடு நின்றுவிடுகிறது. சாசனம் எழுதுவோர் எதனை மனத்திற் கொண்டு ஒரு பட்டியலை வகுத்தார்கள் என்பதை அறிய, அது முதன்முதல் எங்கே வகுக்கப்படுகிறது, பின்னர் எங்கே இரவலாகப் பெறப்படுகிறது என்று காண்பதைவிட நம்பத்தக்க வழி அரிது. பாவத்தின் தோஷம் பற்றிய கொள்கையிலிருந்து கணக்கு விதி பிறந்திருக்குமாயின், பட்டியல் மகாபாதக விதியில் விரிந்து, கணக்கு விதியில் சுருங்கியிருக்க வேண்டும். இங்கே நிகழ்ந்திருப்பது நேர்மாறானது.

பட்டியலின் உள்ளடக்கமும் இதற்கு அனுசரணையாகவே இருக்கிறது. தீட்டையும் தோஷத்தையும் வகுக்கும் நூல்கள் முதன்மை தருவது தந்தைவழி ஞாதிகளுக்கு. அவர்களைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிச் செல்வது அந்நூல்களின் இயல்பு. அத்தகைய தலைமுறை வரிசை உத்தரமேரூர்ப் பட்டியலில் இல்லை. அதற்கு மாறாக, பெண் கொடுத்தும் கொண்டும் ஏற்பட்ட உறவுகளான மாமனாரும், மைத்துனரும், மருமகனும், உடன்பிறந்தாளின் மகனும் அதில் அழுத்தமாக இடம்பெறுகின்றனர். ஆசார நோக்கில் இவர்களுள் பலர் வேறு கோத்திரத்தார். ஒருவனது பாவம் இவர்களைப் பற்றுவதற்கு நூல்வழிக் காரணம் காட்டுவது எளிதன்று. ஆனால், ஏரி வாரியத்தில் அமர்ந்து ஊர்ப் பொருளைக் கையாண்டு, கணக்கை மறைத்து, மீண்டும் அவ்விடத்தில் அமர முடியாத ஒருவன், தன் கைக்குப் பதிலாக யாருடைய கையை அனுப்புவான் என்று கேட்டுப் பார்த்தால், இப்பட்டியலில் ஒருவர் மிகுதியுமில்லை, ஒருவர் குறைவுமில்லை என்றே தோன்றுகிறது. உடன்பிறந்தாளின் மகன் வரையில் நினைவிற்கொண்டு ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது என்றால், அப்படிப்பட்ட மருமக்கள் வாரியத்தில் வந்து அமர்ந்ததை எழுதியவர்கள் கண்டிருக்க வேண்டும் என்று ஊகிப்பதில் பெரும் தவறு இராது.

மூன்றாவது சான்று பிராயச்சித்தம் பற்றியது. என் கருத்தில் இதுவே வலுவுடையது. ஆசாரக் குற்றங்களுட் சிலவற்றுக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தரானவர்களைப் பற்றியும் சாசனம் பேசுகிறது. அவர்கள் சுத்தரே ஆனாலும் பிராணன் உள்ளவரை அவர்கள் பெயர் குடவோலையில் எழுதப்படலாகாது என்று விதிக்கிறது. தூய்மையே இவ்விலக்குகளின் ஒரே அளவுகோலாக இருந்தால், தூய்மை மீண்டபின் விலக்கும் நீங்கியிருக்க வேண்டுமல்லவா? நீங்கவில்லை. கணக்கு விஷயத்திலோ நிலைமை வேறு. ஊர்க் கணக்கெழுதும் கணக்கனைப் பற்றிய பகுதியில், நேர்மையாகப் பொருளீட்டியவனையே கணக்கெழுத வைக்க வேண்டும் என்றும், அவன் தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தன் என்று அவர்கள் அறிவிக்கும்வரை மீண்டும் கணக்கில் புகலாகாது என்றும் சாசனம் கூறுகிறது. அதாவது, கணக்கைக் காட்டிய கணத்தில் தடை அகலுகிறது. வாரியம் செய்தவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று சாசனம் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டாதிருந்தாரை விலக்கும் விதி, காட்டியவரை விலக்காது என்ற அளவில்தான் நான் அதனைக் கொள்கிறேன். ஒரு குற்றம் சாகும்வரை தொடர்கிறது, மற்றொன்று ஓலைச்சுவடியைக் கொண்டுவந்து வைத்தவுடன் முடிகிறது என்றால், இரண்டையும் ஒரே கொள்கையின் இரு கிளைகள் என்பது பொருந்தாது.

919ஆம் ஆண்டுச் சாசனத்தோடு ஒப்பிடுவதும் பயன் தரும். பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் தத்தனூர் மூவேந்த வேளான் என்னும் அரசாங்க அதிகாரி உடனிருக்க மகாசபை செய்த ஏற்பாடு அளவிற் சிறியது. பதினான்காம் ஆட்சியாண்டில் வேறோர் அதிகாரி முன்னிலையில் அது திருத்தப்பட்டு விரிந்தது. வயது வரம்பு முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலிருந்து முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டதாக மாறியதைப் பாடநூல்களும் குறிக்கின்றன. அது சிறிய மாற்றம். கணக்கு விதியும் உறவினர் பட்டியலும் 921இல் அடைந்திருக்கும் விரிவு முன்னதில் இல்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இரண்டாண்டுகளில் ஒரு சபை தன் வியவஸ்தையை மாற்றி எழுதுமானால், முதல் ஏற்பாட்டின் ஓட்டை எங்கே இருந்தது என்பதை இரண்டாவதன் நீண்ட வாக்கியங்களில் தேடுவதே முறை. அங்ஙனம் தேடினால் கிடைப்பது கணக்கு. ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்த மானூர்ப் பாண்டியச் சாசனத்திலும் சபையினர்க்குச் சொத்தும் கல்வியும் ஒழுக்கமும் தகுதிகளாக வேண்டப்படுகின்றன; ஆயினும் எடுத்ததற்கெல்லாம் மறுப்புச் சொல்லிக் கூட்டத்தைத் தடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் விதிக்கும் அதன் கவலை, சபை தடையின்றிக் கூடி நடப்பதைப் பற்றியது. உத்தரமேரூரின் கவலை, சபை கலைந்தபின் பொருள் எங்கே போயிற்று என்பது.

அந்தப் பொருள் சாமானியமானதன்று. முந்நூற்றறுபது நாள் பதவியிலிருந்த ஏரி வாரியத்தின் பொறுப்பில் இருந்தது, பல்லவர் காலம் முதல் ஊருக்கு உயிராயிருந்த வயிரமேக தடாகம். அதன் தூர் எடுப்பதற்கென்றே மக்கள் பொருள் வைத்திருக்கின்றனர். பொன் வாரியம் நாணயத்தின் நம்பகத்தைக் காத்தது. பொன் மாற்றுக் காண்போரைப் பற்றிய மற்றோர் உத்தரமேரூர்ச் சாசனம், உரைகல்லில் ஒட்டிய பொன் துகளை மெழுகில் எடுத்து ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதிப்பதைப் படிக்கும்போது, அவ்வூரார் கணக்கென்று எதனைக் கருதினார்கள் என்பது விளங்கிவிடுகிறது. உரைகல்லின் துகளுக்கும் உரிமையாளர் ஊர். அது சென்று சேர வேண்டிய இடம் ஏரி. ஊர் மேம்பாடும் ஊர்ப் பொருளின் பொறுப்பும் இருவேறு காரியங்கள் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

இனி, எழக்கூடிய ஆட்சேபங்கள். அச்சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இது முழு உண்மை, இதை மறைத்துச் சாசனத்தைப் புகழ்வோர் வரலாற்றுக்கு நன்மை செய்வதில்லை. ஆயினும் யார் ஆண்டார்கள் என்ற வினாவும், ஆண்டவர்கள் எதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்ற வினாவும் வெவ்வேறானவை. அரசன் ஆணையால் நிகழ்ந்த ஏற்பாடாயிற்றே என்பர். ஆணை அரசனுடையதாயினும் விதியின் நுணுக்கம் ஊரை அறிந்தவர்களுடையது. இவ்விதியால் எவரேனும் உண்மையில் விலக்கப்பட்டார் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்பது விதிகளைப் பற்றிய எல்லா ஆராய்ச்சிக்கும் பொருந்தும் கேள்வி. அதற்காக விதிகளைப் படியாமல் விட்டுவிட முடியாது.

குடும்பில் உள்ளார் கூடித் தகுதியுடையார் பெயரை எழுதும் நிலையிற் போட்டியும் தேர்வும் நிகழ்ந்தனவா, அன்றித் தகுதியுடைய அனைவர் பெயரும் எழுதப்பட்டனவா என்பதில் அறிஞர்கள் ஒருமைப்படவில்லை. பின்னதே சரி என்று நான் கருதுகிறேன். தேர்வு செய்யும் வேலை முழுவதையும் குடத்திடம் விட்டுவிட்ட ஓர் ஏற்பாட்டில், மனிதர்கள் கையில் எஞ்சியிருப்பது வாசலைக் காப்பது ஒன்றே. ஆகவே உத்தரமேரூரில் எவரும் ஊரை மேம்படுத்துவேன், கணக்குச் சொல்வேன் என்று வாக்களித்து நிற்கவில்லை. முன்பு கணக்குச் சொல்லியிருந்தால்தான் அவர் பெயர் ஓலைக்கே வந்தது.

இவ்வேறுபாடு நம் காலத்து நகரமன்றத் தேர்தல்களோடு ஒப்பிடத்தக்கது. 1992ஆம் ஆண்டின் எழுபத்துநான்காம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள நகராட்சிகளில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்பதும் அதன் ஓர் அங்கம். தமிழ்நாட்டில் 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நிகழ்ந்தது. அத்தகைய தேர்தலில் வீதிக்கு வடிகால், குழாய்க்கு நீர், நிர்வாகத்தில் நேர்மை என்று சொல்லி நிற்கும் வேட்பாளரைக் குறைவாக மதிக்க எனக்கு மனமில்லை. ஊருக்காக நிற்பது உயர்ந்த காரியம். ஆனால் அவரிடம் நாம் கேட்கும் கணக்கு, அவர் தம் தேர்தலுக்குச் செய்த செலவின் கணக்கு. சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்களுக்கான 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவும், அக்கணக்கைத் தராதவரையே மூன்றாண்டு விலக்குகிறது. உத்தரமேரூர்ச் சபை கேட்டது ஊர்ப் பொருளின் கணக்கை, அதுவும் கையாண்ட தனி மனிதனிடம். நாம் ஊர்ப் பொருளின் கணக்கை நிறுவனத்திடம் கேட்கிறோம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் ஆட்சேபம் மாநகராட்சியின் பெயரால் எழுதப்படுகிறது, அந்த மன்றத்தில் அமர்ந்து கைதூக்கியவர் தம் பெயரில் அதைப் பெறுவதில்லை.

உறவினர் விலக்கை அப்படியே இன்று கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஒருவன் குற்றத்துக்கு மற்றொருவன் உரிமையைப் பறிப்பதை நம் சட்டம் ஏற்காது. ஆயினும் அவ்விலக்கு எந்த நோய்க்கு மருந்தாக எழுதப்பட்டதோ அந்த நோய் நீங்கிவிடவில்லை. உள்ளாட்சியிற் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016இல் சட்டமியற்றியபின், மனைவியின் பெயரில் கணவன் கோப்புகளைப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். மைத்துனன் பெயரில் ஒப்பந்தம் போவதையும் ஊர் அறியும். உறவை விலக்காமல் மறைவை விலக்குவது எப்படி என்பதற்கு ராஜஸ்தானத்துப் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா கிராமத்தார் 1994 டிசம்பரில் ஒரு வழி காட்டினர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் கூட்டிய முதல் மக்கள் விசாரணையில், கூலிப் பட்டியலும் செலவுச் சீட்டும், அவற்றிற் பெயர் கண்டவர்களின் முன்னிலையிலேயே உரக்க வாசிக்கப்பட்டன. வாசித்ததைக் கேட்டவர்கள், செய்யாத வேலைக்குத் தம் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதை அங்கேயே சொன்னார்கள்.

921 சாசனத்தின் கணக்கன் விதியில் இன்னொரு கூறும் உண்டு. அதன்மேல் ஆராய்ச்சியாளர் கருத்துச் செலுத்தியது குறைவு. ஒரு கணக்கன் எழுதிவந்த கணக்கை அவனே காட்ட வேண்டும், வேறு கணக்கன் புகுந்து அதனை முடித்துவைக்கலாகாது என்பது அது. பதவி மாறுகையில் பழைய கணக்கு புதியவரின் கையால் சுமுகமாக மூடப்படும் வழியை அது அடைத்துவிடுகிறது. மன்ற உறுப்பினராயிருந்து மீண்டும் நிற்பவரின் வேட்புமனுவோடு, அவர் காலத்தில் அந்த வார்டுக்குச் செலவான பணத்தின் தணிக்கை முடிவையும், அதற்கு அவரே கையொப்பமிட்டு அளிக்கும் மறுமொழியையும் இணைக்க வேண்டும் என்று சட்டம் கோருமானால், அந்த அடைப்பு நம்மிடமும் வந்துசேரும். அதற்குக் குடமும் வேண்டாம், சிறுவனும் வேண்டாம். அவர் பேரில் உள்ள தணிக்கைத் தாளை, மனுவைப் பரிசீலிக்கும் நாளில், வார்டு மக்கள் முன்னிலையில் ஒருவர் வாசித்தால் போதும்.