பெடலுக்கு முன்னால் வந்த பாலன்ஸ்

சைக்கிள் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். 1817இல் ஜெர்மனியில் ஒருவர் பெடலே இல்லாத மர வண்டி செய்தார். பிறகு பெடல் வந்தது, செயின் வந்தது, காற்றடிக்கிற டயர் வந்தது, முடிந்தது கதை. அந்த முதல் வண்டியை ஏதோ பாதியில் நின்றுபோன சைக்கிள் மாதிரிதான் பேசுவார்கள். போன முழுப்பரீட்சை லீவில் என் மகளுக்குச் சைக்கிள் பழக்க வேண்டியிருந்தது. ஆறு வயது. அதற்காக எதையெதையோ படிக்கப் போய் அந்த மர வண்டி மேல் எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. சைக்கிளில் கஷ்டமான பாதியை அதுவே முடித்துவிட்டது என்பது என் கட்சி.

அதைச் செய்த கார்ல் டிரைஸ், பாடன் நாட்டில் வனத்துறை அதிகாரி. 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து கிளம்பி, ஷ்வெட்சிங்கன் போகும் சாலையில் வழியிலிருந்த ஒரு சத்திரம் வரை போய்த் திரும்பினார். போகவர சுமார் 13 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள். வண்டி கிட்டத்தட்ட முழுக்க மரம். எடை சுமார் 22 கிலோ. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரம், நடுவில் உட்கார இடம், முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி, முன்கையை ஊன்றிக்கொள்ள ஒரு பலகை. இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி ஓட்ட வேண்டும்.

அன்றைக்கு இதைப் பார்த்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாட்டு வண்டியோ கோச்சு வண்டியோ, நிறுத்தினால் நிற்கும். இது நிறுத்தினால் சாய்ந்துவிடும், ஓடினால்தான் நிற்கும்! ஒரு மனிதன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு இப்படி ஒற்றை வரிசைச் சக்கரத்தில் போக முடியும் என்று அவர்கள் நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. லண்டனில் இதே மாதிரி வண்டிகளைச் செய்து விற்ற டெனிஸ் ஜான்சன் என்ற கோச்சு வண்டிக்காரர், 1819இல் ஓட்டப் பழக்குவதற்கென்றே பள்ளி நடத்தினார். ஆம்பளைகள் காசு கொடுத்துப் போய்க் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். முன்சக்கரத்தில் பெடல் வைத்த இருசக்கர வண்டி பாரிசில் மிஷோ பட்டறை வழியாகப் பிரபலமானது 1860களில். (அதை முதலில் செய்தது மிஷோவா, லாலமாங்கா என்ற சண்டை தனி. 1866இல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கியவர் லாலமாங்.) நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். பெடல் என்ன பெரிய ராக்கெட் சயின்ஸா? சாணை பிடிப்பவரிடமே கால்மிதி இருந்தது. இடைப்பட்ட காலத்தில் காலால் மிதித்து ஓட்டும் வண்டிகளும் வந்தன, ஆனால் பெரும்பாலும் மூன்று சக்கரம், நான்கு சக்கரம். காரணம் பலதும் சொல்வார்கள். எனக்குச் சரியென்று படுவது இதுதான்: பெடலில் கால் வைத்தால் தரையில் கால் இருக்காது. அந்தப் பயத்தைத் தாண்ட இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது.

இதைப் படித்த பிறகு, ஆறு வயசுப் பெண் பயப்படுகிறாள் என்று அலுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

சரி, அந்தப் பாலன்ஸ் என்பது என்ன? வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் இடது பக்கமே லேசாகத் திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் நகர்ந்து நம் உடம்புக்கு அடியில் வந்துவிடும், வண்டி நிமிரும். விழுகிற பக்கமே திருப்பு என்பதுதான் சூத்திரம். பயந்த மனசு எதிர்ப்பக்கம் திருப்பத்தான் சொல்லும். எழுத்தாளர் மார்க் ட்வைன் ஐம்பதை நெருங்கிய வயதில், முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த அந்தக் காலத்துச் சைக்கிளைக் கற்றுக்கொள்ளப் போய், உடம்பெல்லாம் சிராய்த்துக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்ததும் இதே விஷயம்தான். அதைப் பற்றிய அவர் கட்டுரை, அவர் காலமான பிறகு 1917இல்தான் வெளியானது. சிரிக்காமல் படிக்க முடியாது.

சக்கரம் சுற்றுகிற கைரோஸ்கோப் விசைதான் சைக்கிளை நிறுத்துகிறது என்று காலேஜில் எங்களுக்குச் சொன்னார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர், எதிர்ப்பக்கம் சுற்றுகிற இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விசையை ரத்து செய்துவிட்டே ஓட்டிக் காட்டினார். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு விசேஷ வண்டி, கைரோஸ்கோப் விசையும் இல்லாமல், அதுவரை முக்கியம் என்று நம்பிய முன்சக்கர அமைப்பும் இல்லாமல், ஆளே இல்லாமல், தானாக நிமிர்ந்து ஓடியது. அதிலும் நடந்தது சாய்கிற பக்கம் திரும்புவதுதான்.

இப்போது சைடு வீலுக்கு வருவோம். சைக்கிள் கடையில் அதையும் சேர்த்தே மாட்டிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்தேன். என் மாமியார், "கழட்டாதீங்க மாப்ளே, பிள்ளை விழுந்துடப் போகுது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, விழாது. ஆனால் சைடு வீல் மாட்டிய சைக்கிள் ஒரு மூன்று சக்கர வண்டி. அது சாயாது. சாயாத வண்டியில், சாய்கிற பக்கம் திருப்பு என்ற பாடத்தை எப்படிக் கற்பது? ஒரு வருஷம் ஓட்டினாலும் பெடல் மிதிக்கத்தான் வரும். அது எப்படியும் அரை மணி நேரத்தில் வருகிற வித்தை.

நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வேறு வழி வைத்திருந்தார்கள். அவர் சைக்கிள், அதாவது மணிக்கணக்கு வாடகை சைக்கிள் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். சின்ன வண்டி கிடைக்காவிட்டால் அப்பாவின் 24 இஞ்ச் வண்டி. முதலில் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்திக் கொஞ்ச தூரம் மிதந்து போவது. அது வசப்பட்ட பிறகுதான் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். கடைசியில் சீட். எந்தப் பையனும் டிரைஸ் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். ஆனால் வரிசை அதே வரிசை: முதலில் உந்தி மிதப்பது, அப்புறம் பெடல்.

பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவது இன்னொரு வழி. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், நேரா பாரு" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுவார்கள். எனக்குச் சித்தப்பா அப்படித்தான் பழக்கினார். பலருக்கும் அது இனிமையான ஞாபகம். என் மகளுக்கு இல்லை. ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா மகன் அதே மாதிரி பிடித்து, அதே மாதிரி விட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள், விழுந்தாள், முழங்கை தோல் போனது. நாலு மாசம் சைக்கிள் பக்கமே போகவில்லை. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. "அண்ணா பொய் சொன்னான்" என்பதுதான் ஆறவில்லை. லீவில் மறுபடி பேச்சை எடுத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ நிஜமாவே விடமாட்டியாப்பா?"

விடமாட்டேன் என்று சொல்ல முடியாது. விடாமல் பழக்க முடியாது. இன்னொன்று, சீட்டைப் பிடித்திருக்கும்வரை வண்டியை நிமிர்த்துவது பிடித்திருப்பவர் கை. ஹேண்டில்பாரைத் திருப்பினால் என்ன ஆகும் என்று குழந்தைக்குப் பதிலே கிடைக்காது. அதனால் அவளிடம், "நான் பிடிக்கவே போறதில்லை. உன் கால்தான் பிடிச்சுக்கும்" என்றேன்.

பெடல் இரண்டையும் கழற்றினோம். (இடது பெடலுக்கு மரை தலைகீழ். மற்ற திருகுக்கு இறுக்குகிற பக்கம் சுற்றினால்தான் இது கழலும். தெரியாமல் மல்லுக்கட்டினால் மரை போய்விடும்.) இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிற அளவுக்குச் சீட்டை இறக்கினோம். அவ்வளவுதான், டிரைஸின் வண்டி தயார். ஜெர்மனியிலேயே 1990களின் கடைசியில் ரோல்ஃப் மெர்டென்ஸ் என்பவர் தன் சின்னப் பையனுக்காக இதே மாதிரி ஒரு மர வண்டி செய்து, அது பெரிய வியாபாரமானது. இப்போது பேலன்ஸ் பைக் என்று நம் கடைகளிலும் விற்கிறார்கள். ஏற்கனவே சைக்கிள் இருந்தால் தனியாக வாங்கத் தேவையில்லை, ஒரு ஸ்பேனர் போதும்.

எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தினம் இருபது நிமிஷம். முதல் இரண்டு நாள் சீட்டில் உட்கார்ந்தபடியே நடந்தாள். மூன்றாம் நாள் ஓடினாள். அப்புறம் காலைத் தூக்கி எண்ண ஆரம்பித்தாள்: ஒண்ணு, ரெண்டு, டக்கென்று கால் தரையில். என் வேலை ஒரு தூணில் சாய்ந்து நின்று, அடுத்த தூணுக்கு எத்தனை எண்ணிக்கை என்று கணக்கு வைத்துக்கொள்வது மட்டும். எட்டு வந்த அன்று, லேசான சரிவில் விட்டுப் பார்க்கட்டுமா என்று அவளே கேட்டாள். பன்னிரண்டு வந்தது. வளைவில் உடம்பும் வண்டியும் சேர்ந்து சாய்ந்ததைப் பார்த்தேன். யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் பெடலை மாட்டினோம். முதலில் குனிந்து காலையே பார்த்ததால் வண்டி சுவர் பக்கம் போனது. தூணைப் பார்க்கச் சொன்னேன். நாலாவது தடவை முழுச் சுற்று வந்துவிட்டாள்.

இப்போது நிறுத்துவதுதான் பிரச்சினை. பிரேக்கைப் பிடிக்காமல் காலைத் தேய்த்தே நிறுத்துகிறாள், ஒரு ஜோடி செருப்பு போய்விட்டது. டிரைஸ் தன் மர வண்டியிலேயே பின்சக்கரத்துக்குக் கயிறு கட்டி பிரேக் வைத்திருந்தார் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை.