லூவ்சியென் மண்டபமும் மூன்று பாணிகளும்: பிரெஞ்சுக் கலை, 1715–1819

ரோகோகோ அரசவையின் கேளிக்கைக் கலை, நவசெவ்வியல் புரட்சியின் கலை, ரொமாண்டிசிசம் அதற்கு எழுந்த எதிர்ப்பு என்று வகுத்துச் சொல்வது பாடநூல்களில் நிலைத்துவிட்ட வழக்கம். படங்களையும் கட்டடங்களையும் அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களோடு சேர்த்துப் பார்த்தால் இந்தப் பகுப்பு நிற்பதில்லை. பிரான்சில் நவசெவ்வியலை வளர்த்ததில் அரண்மனைப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. ரொமாண்டிசிசமோ நவசெவ்வியல் ஆசானின் பட்டறையிலேயே முளைத்தது. இவ்விரண்டையும் நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

1715இல் பதினான்காம் லூயி இறந்ததும் அரசவை வெர்சாயை விட்டுப் பாரிசுக்கு வந்தது. பிரபுக்கள் தங்கள் நகர மாளிகைகளைப் புதுப்பிக்கத் தொடங்கினர். அவர்களுக்குக் கொலுமண்டபங்களைவிட, நாலு பேர் உட்கார்ந்து பேசத்தக்க அறைகளே தேவைப்பட்டன. அறை சிறுக்க, அலங்காரம் மென்மையானது. 1730களில் பொஃப்ரான் சூபீஸ் மாளிகையில் அமைத்த நீள்வட்ட அறையில் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். பொன்முலாம் பூசிய சுதைவேலை கொடிபோல் வளைந்தேறி, ஓவியங்களைத் தழுவி, கண்ணாடிகளில் இரட்டிக்கிறது. 1717இல் அகாதெமிக்கு வாத்தோ அளித்த சிதேராத் தீவுப் பயணம் பற்றிய ஓவியமும், பின்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரின் ஆதரவில் பூஷே வரைந்தவையும் இதே ரோகோகோ உலகைச் சேர்ந்தவை.

மாற்றத்தின் விதையும் அந்த வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பேயிலும் அகழ்வு தொடங்கியிருந்தது. அரசரின் கட்டடத் துறைப் பொறுப்பை ஏற்கவிருந்த தம் தம்பியைப் பொம்பதூர் 1749இல் இத்தாலிக்கு அனுப்பினார். உடன் சென்றவர்களில் ஒருவர் சூஃப்லோ. 1755இல் பாரிசின் சேன்ட் ஜெனவியேவ் தேவாலயத்தைக் கட்டும் பணி அவருக்கே கிடைத்தது. ரோமானியக் கோயிலின் தூண்முகப்போடும் குவிமாடத்தோடும் எழுந்த அந்தக் கட்டடம் 1790இல் முடிந்தது. மறு ஆண்டே புரட்சி அரசு அதைப் பெரியோர் நினைவிடமாக, பாந்தியனாக, மாற்றிக்கொண்டது. புரட்சியின் சின்னமாக இன்று நாம் காணும் அதற்கு 1764இல் அடிக்கல் நாட்டியவர் பதினைந்தாம் லூயி.

இந்த மாற்றத்தின் மிகத் தெளிவான சான்று பாரிசுக்கு வெளியே உள்ள லூவ்சியெனில் இருக்கிறது. பதினைந்தாம் லூயியின் பிந்தைய காதலி மதாம் து பாரிக்காக 1771இல் அங்கே ஒரு சிறு மண்டபத்தைக் கட்டினார் இளம் கட்டடக் கலைஞர் லெதூ. நேர்கோடுகள், தூண்கள், அளவான அலங்காரம் என முழுக்கப் புதிய பாணி. அதன் உள்ளறைக்குக் காதலின் படிநிலைகளைச் சொல்லும் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டித் தந்தவர் ஃப்ராகொனார். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கும் மேல் உயரம். தளிர்த்துப் பொங்கும் மரங்களும் ரோஜாக்களும் காதலர்களைப் பாதி மறைக்கின்றன. ரோகோகோ தன் முழு வளத்தையும் கொட்டிய படைப்பு என்று இவற்றைத் தயங்காமல் சொல்வேன். து பாரி அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே இடத்தில் கிரேக்க உடையணிந்த பெண்களை அமைதியான அணிவகுப்பில் வரைந்து வைத்தவர் வியென். புரட்சிக்கு இன்னும் 15 ஆண்டுகளுக்கும் மேல் இருந்தன. பழைய பாணியைத் தன் வீட்டிலிருந்து வெளியேற்றியவர் அரசவையின் உச்சத்தில் இருந்த ஒரு பெண். 1793இல் புரட்சி அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது. திருப்பப்பட்ட ஓவியங்கள் ஃப்ராகொனாரின் சொந்த ஊரான கிராஸுக்குப் போய், கைமாறி, இன்று நியூயார்க்கின் ஃப்ரிக் கலைக்கூடத்தில் உள்ளன. வரலாறு புறந்தள்ளிய படங்கள் என்று அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது பெரும் அநியாயம்.

வியென் என்ற பெயரை இங்கே பற்றிக்கொள்ள வேண்டும். இளைஞர் தாவித் முதலில் நாடிச் சென்றது தம் தூரத்து உறவினரான பூஷேயை. முதுமையில் இருந்த பூஷே அவரை வியெனிடம் அனுப்பிவைத்தார். நவசெவ்வியலின் தலைமகனை ரோகோகோவின் தலைமகனே சரியான ஆசிரியரிடம் சேர்த்தார் எனலாம். தாவித் ரோமில் வரைந்து 1785இல் பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுவந்த 'ஹொராத்தியர் உறுதிமொழி' நமக்குக் குடியரசு முழக்கமாகக் கேட்கிறது. தந்தை உயர்த்திய வாள்களை நோக்கி நீளும் மூன்று சகோதரரின் கைகள், பின்னே மூன்று வெற்று வளைவுகள், ஒரு மூலையில் துவண்டு கிடக்கும் பெண்கள். அதை வரையச் சொன்னதும் அரச நிர்வாகமே. புரட்சி வந்தபோது அந்தப் பாணி பழுத்துத் தயாராக இருந்தது. புரட்சி அதைப் பறித்துக்கொண்டது. 1793இல் அதிகாரத்தில் இருந்த தாவித், வறுமையில் இருந்த ஃப்ராகொனாருக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் பணி கிடைக்க உதவினார்.

கட்டடக் கலையில் அடுத்த திருப்பம் காகிதத்தில்தான் முதலில் தெரிந்தது. நியூட்டனுக்காக 1784இல் பூலே வரைந்த நினைவிடம் கட்டப்படவே இல்லை. சுமார் 150 மீட்டர் உயரக் கோளம், சிறு துளைகள் வழியே பகலில் விண்மீன்களாகக் கசியும் ஒளி. வடிவம் செவ்வியல், பார்ப்பவரைத் தூசாக உணரவைக்கும் அச்சமும் வியப்பும் ரொமாண்டிக்.

ஓவியத்தில் அந்தத் திருப்பத்தைச் செய்தவர் தாவித்தின் மாணவர் குரோ. 1804இல் அவர் காட்சிக்கு வைத்த ஜாஃபா கொள்ளைநோய் விடுதிப் படத்தில் நெப்போலியன் நோயாளியின் கட்டியைத் தொடுகிறார். நாயகனைப் போற்றவே அரசு அதை வரையச் சொன்னது. ஆனால் கண் முன்தளத்து இருளில் சரிந்து கிடக்கும் உடல்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. தாவித்தின் ஒழுங்கு அங்கே உடைந்து, நிறமும் கீழை நாட்டு வெளிச்சமும் மேலோங்குகின்றன. குரோவைப் போற்றிய ழெரிக்கோ 1819இல் 'மெதூசாவின் தெப்பம்' என்ற படத்தில் அதே உடல்களைக் கடலில் மிதக்கவிட்டார். 1816இல் உடைந்த மெதூசா கப்பலிலிருந்து தெப்பத்தில் ஏறிய ஏறத்தாழ 150 பேரில், மீட்கப்பட்டபோது உயிருடன் இருந்தவர்கள் 15 பேர். அந்தப் படத்தில் நாயகன் என்று எவரும் இல்லை.

குரோவுக்கு இந்தப் பாதை நிம்மதி தரவில்லை. 1816இல் நாடுகடத்தப்பட்டு பிரஸ்ஸல்ஸ் சென்ற தாவித், தம் பட்டறையை அவரிடம் ஒப்படைத்தார்; ஆசானின் நெறிக்குத் திரும்ப முயன்று தோற்ற குரோ 1835இல் நீரில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். என்றாலும் அவர் திறந்த வழி திறந்ததுதான். பிரெஞ்சு ரொமாண்டிக் ஓவியத்தின் தொடக்க ஆண்டாக 1819ஐ எழுதும் வழக்கத்தை விட்டு, அதை 1804க்கு முன்தள்ள வேண்டும் என்பதே என் முடிவு.