பிட்யூட்டரி கட்டியும் ரத்த ஹார்மோன் பரிசோதனையும்

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில் பட்டாணி அளவே இருக்கும் சுரப்பி பிட்யூட்டரி. அதில் வளரும் கட்டி பெரும்பாலும் புற்றுநோயல்ல. ஆனால் ஹார்மோனை அளவுமீறிச் சுரந்தோ, சுரக்கவிடாமல் நசுக்கியோ உடம்பைக் குலைத்துவிடும். கட்டியின் அளவையும் இடத்தையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும், எதைச் சுரக்கிறது என்பதற்கு ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ரத்தத்தில் மிக நுண்ணிய அளவே இருக்கும் ஹார்மோனை அளக்கும் வழியை 1950-களின் இறுதியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டார்கள். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிரோடில்லை.

அதிகம் காணப்படுவது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. மாதவிலக்கு தள்ளிப்போகும், குழந்தை பெறாதவருக்கும் பால் கசியும், கரு தங்காது. கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் புரோலாக்டின் மில்லிலிட்டருக்குச் சுமார் 25 நானோகிராமுக்குள் இருக்கும். 250-ஐத் தாண்டினால் கட்டியென்ற சந்தேகம் வலுக்கும். இடைப்பட்ட எண்ணைப் பார்த்து மிரளக் கூடாது. வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஊசி பயம்கூட அதை ஏற்றிவிடும். தைராய்டு குறைவு நீடித்தால் பிட்யூட்டரி சுரப்பியே வீங்கி ஸ்கேனில் கட்டிபோலத் தெரியும். தைராய்டு மாத்திரையிலேயே அது சுருங்கும்.

மோதிரம் இறுகுவதும் செருப்பு அளவு கூடுவதும் வளர்ச்சி ஹார்மோன் மிகுவதன் அடையாளங்கள். அந்த ஹார்மோன் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குவதால், அது தூண்டி உருவாகும், ரத்தத்தில் நிலையாக இருக்கும் ஐ.ஜி.எஃப்-1 அளக்கப்படுகிறது. இப்படி வளர்ச்சி ஹார்மோன் மிகுந்த மல்யுத்த வீரர் ‘தி கிரேட் காலி’க்கு 2012-இல் அமெரிக்காவில் பிட்யூட்டரி கட்டி அகற்றப்பட்டது.

பிட்யூட்டரி கட்டியால் கூடவோ குறையவோ கூடிய இன்னொரு ஹார்மோன் கார்ட்டிசோல். அதன் சோதனைக்கு, நைட் ஷிப்ட் வேலை நடக்கும் திருப்பூரில் தனிக் கவனம் வேண்டும். காலை எட்டு மணி ரத்தம் என்பது இரவில் தூங்கியவருக்கான கணக்கு. நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் நைட் ஷிப்ட் முடித்து நேராக லேபுக்குப் போகிறவரின் உடல் கடிகாரம் வேறு. நள்ளிரவு உமிழ்நீர்ச் சோதனையும் அவருக்கு நம்பகமாக இராது. மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ போட்ட ஸ்டீராய்டு, உடம்பின் சொந்தக் கார்ட்டிசோல் சுரப்பையே அடக்கிவைத்திருக்கும்.

புரோலாக்டின் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கும். குறைகிறதா என்பதை ரத்தம் காட்டும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூக்கு வழியே அறுவைசிகிச்சை. வளர்ச்சி ஹார்மோன் கட்டியாக இருந்தால் அதன்பின் சுமார் பன்னிரண்டு வாரத்தில் ஐ.ஜி.எஃப்-1 பார்த்து, பிறகும் பல ஆண்டு கண்காணிப்பார்கள். தமிழகத்தில் இதற்கான நரம்பறுவைத் துறைக்கு வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் ஜேக்கப் சாண்டி அடித்தளமிட்டார்.

லேபுக்கு லேப் அளவுமுறை மாறும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள், ஷிப்ட் நேரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.